ஆறு பத்து

குட்டிகளின் கூண்டைத் தாண்டித்தான்
கூட்டிப் போனாள் யாஸ்னா.
அங்கே ஒரு குடும்பம் மண்டியிட்டுக்
கொஞ்சிக்கொண்டிருந்தது.
கடைசிக் கூண்டில் எழுந்திருக்காமலே
ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.
அட்டையில் எழுதியிருந்தது:
திமோன். பதின்மூன்று வயது. காது கேட்காது.
இடது பின்னங்காலில் வாதம்.
பூனைகளோடு சிக்கல் இல்லை.
கடைசி வரியை யாரோ அடித்துவிட்டு
மறுபடி எழுதியிருந்தார்கள்.

"ஒரு வருடம் இருந்தால் அதிகம், தோன்யா நெலிதா"
என்றாள், நேற்றைய மீனை விற்கிறவள் போலத் தயங்கி.
எனக்கு அறுபத்தெட்டு.
படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிறேன்,
மகெல்லன் நீரிணையைக் கடப்பவர்களுக்கு.
ஒரு வழியா, போக வரவா
என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவள்.
ஒரு வழியே போதும் என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை,
கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பூந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாளில்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நான் கயிற்றைப் பிடித்தேன்,
அவன் என் முழங்காலைப் பிடித்தான், உடம்பால்.
அன்றிரவு தகரக் கூரை விடிய விடிய அலறியது.
முப்பது வருடமாய் என் தூக்கத்தைத் தின்ற காற்று
அவனை எட்டவே இல்லை.
குறட்டை விட்டான்.
இந்த வீட்டில் ஒருவருக்காவது, என்று நினைத்துக்கொண்டேன்.

தரை வழுக்கியது அவனுக்கு.
மிர்கோவின் கடையில் கழிவுக் கம்பளத் துண்டுகள் வாங்கி
அறைக்கு அறை போட்டேன்.
நிறம் எதுவும் ஒத்துப்போகவில்லை.
துண்டிலிருந்து துண்டுக்கு,
அலை வற்றக் காத்திருந்து
பாறை மாறுகிறவன் போல நடந்தான்.
மாத்திரையைத் தொத்திறைச்சிக்குள் ஒளித்துத் தந்தால்
இறைச்சியைத் தின்றுவிட்டு
மாத்திரையை என் செருப்பருகே
மரியாதையாக வைத்தான்.

மாலை ஆறு பத்துக்கு
வாசல் கதவின் முன் போய் உட்காருவான்.
ஏழு வரைக்கும்.
அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான்.
யாஸ்னாவுக்குத் தொலைபேசியில் கேட்டேன்.
கப்பல் பட்டறை ஆளாம், பிப்ரவரியில் போய்விட்டாராம்,
வீட்டை விற்றுவிட்டார்களாம்.
ஆறு மணிக்குச் சங்கு ஊதும் அந்தப் பட்டறையில்.
கேட்காத காதுக்கு அது எப்படி வந்து சேர்கிறதோ.

பதினாலாம் நாள் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன்.
அவன் வாசலில் உட்கார்ந்ததும்
கோட்டை மாட்டிக்கொண்டு
பின்கதவு வழியாக வெளியேறி,
காற்றில் தொப்பியைப் பறிகொடுத்து,
வேலியைச் சுற்றி வந்து
முன்கதவில் சாவியைப் போட்டேன்.
எழுந்தான்.
பூட்ஸிலிருந்து மணிக்கட்டு வரை
வரிவரியாக முகர்ந்தான்.
தேடியது அங்கே இல்லை.
ஆனாலும் வால் இரண்டு முறை அசைந்தது,
துறையில் தெரியாதவர்க்கும்
நான் தலையசைப்பேனே, அதுபோல.

அடுத்த நாளும் செய்தேன். அதற்கடுத்த நாளும்.
அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்களோ.

இருபத்து மூன்றாம் நாள்
கதவைத் திறந்தால் மிதியடி காலி.
அடிவயிறு குளிர்ந்தது.
கூடத்தில் இல்லை, கட்டிலடியில் இல்லை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்,
கூப்பிட்டு என்ன பயன் என்று தெரிந்தும்.

சமையலறையில், நீலத் துண்டின் மேல்,
முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.
நான் புறப்பட்டுப் போன பின்கதவின் அடியிடுக்கில்
மூக்கை வைத்துக்கொண்டு.
மணி ஆறு பதினைந்து.

நான் வந்து நின்றது தெரியவில்லை அவனுக்கு.
தொடவும் மனமில்லை.
என்னை ஒருவர் எதிர்பார்த்திருப்பதைக்
கொஞ்ச நேரம்
பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.